வயிறு மேலேயே நின்றுவிடுகிறதா?

"சித்தப்பா, நாம கீழே வந்துட்டோம், வயிறு மட்டும் மேலேயே நின்னுடுச்சு. ஏன்?" ரோலர் கோஸ்டரை விட்டு இறங்கியதும் என் அண்ணன் மகள் கேட்ட முதல் கேள்வி இது. ஏழாம் வகுப்பு படிக்கிறாள். கேள்வியிலேயே முக்கால்வாசி விடை இருந்ததால் எனக்கு ஒரே சந்தோஷம்.

முதலில் பள்ளிக்கூடப் பாடம். ஈர்ப்பு விசை நம்மைக் கீழே இழுக்கிறது, இருக்கை அதே அளவு மேலே தள்ளுகிறது. எடை என்று நாம் உணர்வது அந்தத் தள்ளலைத்தான். ஈர்ப்பு உடம்பின் ஒவ்வோர் அணுவையும் ஒரே மாதிரி இழுப்பதால், அதைத் தனியாக உணர வழியில்லை. பெட்டி செங்குத்தான சரிவில் விழும்போது இருக்கையும் நாமும் சேர்ந்தே விழுகிறோம். தள்ள எதுவும் இல்லாததால் எடையும் தெரிவதில்லை. விழுகிறவனுக்குத் தன் எடை தெரியாது என்று 1907இல் ஐன்ஸ்டைனுக்குத் தோன்றியது. தன் வாழ்க்கையிலேயே மிக மகிழ்ச்சியான எண்ணம் அதுதான் என்று பின்னாளில் எழுதினார். பொதுச் சார்பியல் என்ற அவருடைய ஈர்ப்புக் கோட்பாட்டுக்கு அதுவே தொடக்கம்.

சரி, வயிற்றுக்கு வருவோம். ஒரு பலூனில் தண்ணீர் நிரப்பி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அடிப்பக்கம் சப்பையாகி, ஓரங்கள் பிதுங்கி உட்கார்ந்திருக்கும். அதையே மேலே தூக்கிப் போட்டால், கையை விட்டதும் லேசாகத் தளும்பி உருண்டையாகிவிடும். கீழே இறங்கும்போதும் உருண்டைதான். மறுபடி கையில் வந்து விழுந்த பிறகுதான் சப்பையாகும்.

நம் இரைப்பையும் குடலும் கிட்டத்தட்ட அந்தப் பலூன்தான். வயிற்றறைக்குள் அவை இறுக்கிக் கட்டப்பட்டவை அல்ல. இரைப்பை உணவுக்குழாயையும் சில சவ்வுகளையும் பிடித்துத் தொங்குகிறது. பல மீட்டர் நீளமுள்ள சிறுகுடலை, முதுகுப்பக்கச் சுவரிலிருந்து விசிறி மடிப்பாக விரியும் ஒரு மெல்லிய சவ்வு தாங்குகிறது. நாம் நிற்கும்போதும் உட்காரும்போதும் இந்தப் பாரம் அந்தச் சவ்வுகளை ஓயாமல் இழுக்கிறது. பழகிப்போன இழுப்பு என்பதால் மூளை அதைக் கண்டுகொள்வதில்லை. சரிவில் விழும் நொடியில் பாரம் சட்டென்று இல்லாமல் போகிறது. இழுபட்டிருந்தவை தளர, உறுப்புகள் கொஞ்சம் மேலே எழும்புகின்றன. எழும்புவது சிறிதளவுதான், ஆனால் நரம்பு முனைகளுக்கு அது பெரிய செய்தி. மூளையிலிருந்து வயிறு வரை ஓடும் வேகஸ் நரம்பின் இழைகளில் சுமார் 80 சதவீதம் உறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோவதற்காகவே இருக்கின்றன என்பது எனக்கு இன்றும் வியப்புதான். ஆக, அடிவயிற்றில் ஜிவ்வென்று எழுவது புதிதாக வந்த ஒரு விசை அல்ல. எப்போதும் இருந்த ஓர் இழுப்பு விட்டுப்போனதன் உணர்வு அது.

தண்டவாளம் இன்னும் வேகமாகக் கீழே வளைந்தால், மடிமேல் இருக்கும் கம்பிதான் நம்மைக் கீழே இழுக்கும். கம்பி பிடிப்பது தொடையை, இரைப்பையை அல்ல. அது சற்றுத் தாமதமாகவே வந்து சேரும். அண்ணன் மகள் சொன்னது அப்போது சொல்லுக்குச் சொல் உண்மை.

காதுக்குள் இருக்கும் சுண்ணாம்புத் துகள்களும் இதே நேரத்தில் எடையிழந்து, "விழுகிறோம்" என்று அறிவிக்கின்றன. பயத்தில் அட்ரினலினும் சேர்ந்துகொள்ளும். ஆனால் வயிற்றில் புளியைக் கரைப்பது வேறு, இது வேறு. பயமே இல்லாமல் லிஃப்டில் இறங்கும்போதும் இது லேசாகத் தெரியும்.

எந்த இருக்கையில் இது அதிகம்? கடைசியில்தான். முன்பெட்டி மெதுவாக உச்சியைத் தாண்டிவிடும். பின்பெட்டி அங்கே வருவதற்குள், முன்னால் சரிந்த பெட்டிகள் மொத்த வண்டியையும் வேகமாக இழுக்கத் தொடங்கியிருக்கும். அந்த வேகத்தில்தான் உடம்பு இருக்கையை விட்டு எழும்புகிறது. பின்னிருக்கையின் குலுக்கலை வைத்து மருத்துவ ஆய்வே நடந்திருக்கிறது. சிறுநீரகக் கற்கள் போட்ட ஒரு சிறுநீரக மாதிரியைப் பையில் வைத்து ஃப்ளோரிடாவில் ஒரு ரோலர் கோஸ்டரில் பலமுறை ஏற்றினார்கள். பின்னிருக்கையில் சுமார் 64 சதவீதக் கற்கள் வெளியேறின, முன்னிருக்கையில் சுமார் 17 சதவீதம். முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு 2018இல் இதற்குக் கிடைத்தது. இப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்டதும் சிரித்துவிட்டு நிதியை மறுக்கும் போக்கு எனக்குப் பிடிப்பதில்லை. சவாரி போனபின் கல் வெளியேறியதாக நோயாளிகள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டதால் பிறந்த ஆய்வு அது.

அடுத்த முறை கடைசி வரிசைதான் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். தண்ணீர் பலூனையும் கொண்டுபோகலாமா என்று கேட்டாள். அங்கே விடமாட்டார்கள், மாடியிலிருந்து போட்டுப் பார் என்றேன். இப்போது கீழே நின்று அண்ணி திட்டுவது கேட்கிறது.