மூக்கு ஒரு அளவு கேட்கும், மூச்சுக்குழாய் வேறு அளவு கேட்கும்

தாடை உடைந்த ஒருவர் ஆபரேஷன் தியேட்டருக்கு வருகிறார். மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பி கட்டிப் பார்த்தால்தான் எலும்பு சரியாகப் பொருந்தியதா என்று தெரியும். ஆனால் மயக்கத்தில் இருப்பவர் மூச்சு விட ஒரு குழாய் வேண்டுமே! அதை வாய்வழியே விட்டால் பற்கள் சேராது. அதனால் மூக்கு வழியாக விடுகிறார்கள். பல வருடம் பாக்கு மென்று, வாயில் இரண்டு விரல்கூட நுழையாத நிலைக்கு வந்தவர்களுக்கும் பெரும்பாலும் இதே வழிதான். ஆனால் மண்டையின் அடித்தள எலும்பு உடைந்திருந்தால் மூக்கைத் தவிர்ப்பார்கள்.

முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கு இங்கிலாந்தின் சிட்கப்பில் ஹெரால்டு கில்லீஸ் முகச் சீரமைப்பு செய்தபோது, அவர்களுக்கு மயக்கம் கொடுத்த ஐவன் மேகிலும் ஸ்டான்லி ரோபோதமும் வளர்த்தெடுத்த முறை இது. குழாயின் நுனியைத் தொண்டைக்குள் பிடித்துத் திருப்ப மேகில் 1920-ல் வெளியிட்ட வளைந்த இடுக்கி, இன்றும் அவர் பெயரிலேயே புழக்கத்தில் இருக்கிறது.

சரி, எந்த அளவுக் குழாய்? குழாய் மேல் இருக்கும் எண் அதன் உள்விட்டம், மில்லிமீட்டரில். வாய்வழி என்றால் ஆணுக்கு 8, பெண்ணுக்கு 7 என்று எடுப்பது வழக்கம். மூக்குக்கு அது பெரிது. சுவரின் தடிப்பையும் சேர்த்தால் 7 எண் குழாயே வெளியே 9 மில்லிமீட்டரைத் தாண்டும். மூக்கின் பக்கச் சுவரிலிருந்து சுருள்சுருளாக எலும்புகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் மேல் ரத்தம் நிறைந்த மெல்லிய சவ்வு. உரசினால் ரத்தம் தொண்டைக்குள் வழிந்து குரல்நாண்களை மறைத்துவிடும். அதனால் ஆணுக்கு 6.5 அல்லது 7, பெண்ணுக்கு 6 அல்லது 6.5.

முன்கூட்டியே நோயாளியிடம் ஒரு துளையை மூடச் சொல்லி, எந்தப் பக்கம் காற்று நன்றாகப் போகிறது என்று பார்ப்பார்கள். சவ்வைச் சுருக்கும் சொட்டு மருந்து விடுவார்கள். குழாயை வெதுவெதுப்பான நீரில் போட்டு இளக வைத்து, ஜெல்லி தடவுவார்கள். அப்புறம் மேல்நோக்கித் தள்ளாமல், முகத்துக்குச் செங்குத்தாக, மூக்கின் தரையை ஒட்டியே பின்னால் செலுத்துவார்கள்.

குழாய் மெலிந்தால் காற்றுக்குத் தடை கூடும். சீராக ஓடும் காற்றுக்கு 7-ஐ விட 6-ல் தடை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அறுவையின்போது வெண்டிலேட்டர் அதைச் சமாளித்துவிடும். பலருக்கும் தோன்றாத சிக்கல் நீளத்தில் இருக்கிறது.

பெரியவரின் மூச்சுக்குழாய் சுமார் 10 முதல் 12 சென்டிமீட்டர்தான். காற்று கசியாமல் அடைக்க நுனியருகே ஊதப்படும் குழாயின் பலூன் குரல்நாண்களுக்குக் கீழே போயிருக்க வேண்டும். நுனியோ, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்துக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் மேலே நிற்க வேண்டும். அதிகம் இறங்கினால் அகலமாகவும் நேராகவும் இருக்கும் வலது கிளைக்குள் போய்விடும், இடது நுரையீரல் காற்றில்லாமல் சுருங்கும். மூக்கு வழி சுற்றுப்பாதை என்பதால், வாயில் 23, 21 என்று நிறுத்தும் இடத்தில், மூக்குத் துளையில் ஆணுக்கு 28, பெண்ணுக்கு 26 சென்டிமீட்டர் அளவில் நிறுத்துவார்கள்.

ஆனால் சாதாரணக் குழாய்களில் விட்டம் குறையக் குறைய நீளமும் குறைகிறது. நெட்டையான ஆணுக்கு, மூக்கு குறுகல் என்று 6 எண்ணைப் போடுகிறோம் என்று வையுங்கள். குழாயின் வெளிமுனையில் இருக்கும் இணைப்பு மூக்கை முட்டும் வரை தள்ளியும் பலூன் குரல்நாண்களுக்கு நடுவிலேயே நிற்கலாம். மூக்குத் துளையருகே நெற்றிப் பக்கம் வளையும்படி முன்பே வார்த்த குழாய்களில் இது இன்னும் கறார்: வளைவு இருக்கும் இடம்தான் ஆழம். அந்த வகைக் குழாயில் பெரிய எண்ணைக் குட்டையான பெண்ணுக்குப் போட்டால் நுனி பிரியும் இடத்தையே தொடலாம். குரல்வளை அறுவைக்கென மெல்லியதாகவும் நீளமாகவும் செய்த குழாய்கள் உண்டு. நெட்டையானவருக்கு அவை கைகொடுக்கும்.

வெளிமூச்சின் கரியமில வாயு அலை திரையில் தெரிந்தால் குழாய் மூச்சுப்பாதைக்குள் போய்விட்டது என்று உறுதி. ஆனால் அந்த அலை ஆழத்தைச் சொல்லாது. அதற்கு இரு பக்க நெஞ்சிலும் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்க வேண்டும், அல்லது குழாய்க்குள் மெல்லிய கேமராவை விட்டுப் பிரியும் இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். குழாயை நாடாவால் ஒட்டிய பிறகும் நுனி அசையும். முகவாய் நெஞ்சை நோக்கிக் குனிந்தால் அது 2 சென்டிமீட்டர் வரை இறங்கும். அண்ணாந்தால் அதே அளவு ஏறும். அதனால் அறுவைக்குத் தலையைத் திருப்பி வைத்த பிறகு, துணி போர்த்துவதற்கு முன், நெஞ்சில் மறுபடி கேட்கிறார்கள்.