அந்தக் கையைச் சும்மா வைக்காதீர்கள், அளந்து பாருங்கள்

மார்பகப் புற்றுநோய்க்கான சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரிடம் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: அறுவை சிகிச்சை நடந்த பக்கத்துக் கையால் பை தூக்காதே, துணி பிழியாதே. அக்கறையில் சொல்வதுதான். ஆனால் மாதக்கணக்கில் சும்மா கிடந்த கையில் தோள் இறுகிவிடும், தசை மெலிந்துவிடும். பிறகு ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கினாலே பிடித்துக்கொள்ளும்.

இந்தப் பயத்துக்கெல்லாம் காரணம் நிணநீர் வீக்கம். கையிலிருந்து திரும்பும் நிணநீர் (திசுக்களிலிருந்து வடியும் திரவம்) அக்குளிலுள்ள கணுக்கள் வழியாகத்தான் வடிகிறது. அந்தக் கணுக்களை எடுத்துவிட்டாலோ, ரேடியேஷனில் அந்த இடம் தழும்பேறிவிட்டாலோ வடிகால் குறுகி, நீர் தோலுக்கடியில் தேங்கும். கணுக்களைக் கொத்தாக எடுத்தவர்களில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கு இது வருகிறது. சென்டினல் நோடு (புற்றுநோய் முதலில் பரவக்கூடிய ஓரிரு கணுக்கள்) மட்டும் எடுத்தவர்களில் 20 பேரில் ஒருவர் அளவுக்குத்தான். நீங்கள் எந்தக் கணக்கில் சேர்த்தி என்பது உங்கள் பத்தாலஜி ரிப்போர்ட்டில் இருக்கும். பெரும்பாலும் முதல் 2, 3 ஆண்டுகளில் தலைகாட்டும். பல வருடம் கழித்து வருவதும் உண்டு.

வீக்கம் கண்ணுக்குத் தெரியும் முன்பே கை சொல்லிவிடும். சாயங்காலத்தில் கனக்கும். மோதிரம் கழல மறுக்கும். வாட்ச் பட்டையின் தடம் வெகுநேரம் மறையாது. மறுநாள் காலையில் சரியாகிவிடுவதால் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. எளிதாகக் கட்டுப்படுத்தக்கூடிய கட்டமே அதுதான்.

மாதம் ஒருமுறை டேப் எடுங்கள். கையை மேஜைமேல் நீட்டி வைத்து நான்கு இடங்களில் சுற்றளவு பாருங்கள்: விரல் முட்டிகளுக்குச் சற்றுக் கீழே உள்ளங்கையைச் சுற்றி, மணிக்கட்டு, முழங்கை மடிப்புக்கு 10 செ.மீ. கீழே, 10 செ.மீ. மேலே. டேப் தோலில் படிய வேண்டும், அழுத்தக் கூடாது. இரண்டு கைகளையும், ஒரே நேரத்தில் (காலை என்றால் எப்போதும் காலை) அளந்து தேதியோடு எழுதுங்கள். பழக்கமான கை இயல்பாகவே சற்றுப் பருமனாக இருக்கும். அதனால் அறுவை சிகிச்சைக்கு முன்பே எடுத்த அளவு கையிலிருந்தால் பொன்னானது. இரு கைகளுக்கும் இடையே இருந்த வித்தியாசம் 2 செ.மீ. கூடிவிட்டால் தாமதிக்காமல் காட்டுங்கள். அதற்குக் குறைவாக இருந்தாலும், மாதாமாதம் ஏறிக்கொண்டே போனால் காட்டத்தான் வேண்டும்.

எடை தூக்கலாமா? தூக்கலாம். 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஏற்கனவே வீக்கம் இருந்த பெண்களே கண்காணிப்போடு படிப்படியாக எடைப் பயிற்சி செய்தும் வீக்கம் கூடவில்லை. படிப்படியாக என்பதுதான் முக்கியம். அரை கிலோவில் தொடங்கி, இரண்டு வாரம் தொந்தரவில்லை என்றால் அடுத்த அரை கிலோ. ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் வீட்டை ஒழித்துத் துடைக்கும்போதுதான் கை வீங்குகிறது. கையை நீட்டும்போது அக்குளில் கயிறுபோல இழுத்தால் பயப்பட வேண்டாம். மென்மையாக நீட்டி நீட்டிப் பழக, பெரும்பாலும் சில மாதங்களில் தளர்ந்துவிடும்.

வீக்கத்தைக் கட்டுப்படுத்தக் கையில் போடும் இறுக்கமான உறையான கம்ப்ரஷன் ஸ்லீவை அளவெடுத்து வாங்க வேண்டும், அடுத்தவருடையது உதவாது. காலையில் எழுந்ததும் போட்டு, இரவில் கழற்றுங்கள். மேல் விளிம்பு வழுகுகிறதென்று மடித்து விட்டால் அந்த இடத்தில் இறுக்கி, நீர் கீழே தங்கிவிடும். தினமும் போட்டால் சுமார் ஆறு மாதத்தில் இழுவை போய்விடும், புதிது வேண்டும். சிறுநீர் பிரியும் மாத்திரையைத் தாமாகவே வாங்கிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த வீக்கத்துக்கு அது பயன்படாது.

உண்மையில் அஞ்ச வேண்டியது தொற்றுக்கு. நகத்தை ஒட்டிய தோலைக் கிழித்த சின்னக் காயம் போதும். தோல் சிவந்து, சுட்டு, காய்ச்சலும் குளிரும் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். தொற்று அடங்கும்வரை அந்தக் கையை நீவி விட வேண்டாம். வலித்தால் ஸ்லீவைக் கழற்றிவிட்டு, கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்துக்கொள்ளுங்கள்.