கையேட்டுக்குள் ஜோக் எப்போது வேலையைக் கெடுக்கிறது?

2017 நவம்பரில் ஒருவருடைய மென்பொருளைச் சோதிக்கும் தானியங்கிச் சோதனைகள் நள்ளிரவு 12:30 மணிக்கு மட்டும் தோற்றுக்கொண்டிருந்தன, மற்ற நேரமெல்லாம் ஒழுங்காக ஓடின. தோண்டிப் பார்த்ததில், லினக்ஸில் கையேட்டுப் பக்கங்களைத் திறக்கிற 'மேன்' கட்டளை அந்த ஒரு நிமிடத்தில் மட்டும் 'கிம்மீ கிம்மீ கிம்மீ' என்ற வரியைப் பிழைச் செய்திகள் போகிற வழியில் அனுப்பியது தெரிந்தது. அது ஸ்வீடனின் பாப் இசைக் குழுவான அபாவின் 1979ஆம் ஆண்டுப் பாட்டு. நள்ளிரவு தாண்டி ஓர் ஆண் துணை வேண்டும் என்று கேட்கிற பாட்டு, தொடக்கமே பன்னிரண்டரை மணிதான். கட்டளையின் பெயரும் 'மேன்' என்பதால் இரண்டையும் இணைத்து, அதன் பராமரிப்பாளரே 2011இல் இந்த ஜோக்கை உள்ளே வைத்திருக்கிறார். விஷயம் வெளியே வந்ததும் அவரே எடுத்தும்விட்டார்.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, எனக்கு அந்த ஜோக் பிடிக்கவும் செய்கிறது. ஆனால் டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்கிற திரையில், வருவதை மனிதர் மட்டும் படிப்பதில்லை, இன்னொரு நிரலும் படிக்கிறது, பிழைக்கான வழியில் எது வந்தாலும் அது பிழை என்றே எடுத்துக்கொள்ளும். ஜோக் நல்லதா மோசமா என்பதைவிட அது எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் முக்கியம், யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய கட்டற்ற மென்பொருள்களின் கையேடுகள் எல்லாவற்றிலும் இதுதான் கதை.

சரி, மனிதர் படித்தால்? நேரில் பேசும்போது குரலும் முகமும் 'இது விளையாட்டு' என்று காட்டிக்கொடுத்துவிடும். எழுத்தில் அது இல்லை, ஆனால் எழுதுகிறவருக்குத் தன் குரல் மண்டைக்குள் கேட்டுக்கொண்டே இருப்பதால் மற்றவருக்கும் கேட்கும் என்று நம்பிவிடுகிறார். ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி ஆகியோர் இன்னும் இருவருடன் சேர்ந்து 2005இல் வெளியிட்ட ஆய்வில் இதை அளந்தே பார்த்தார்கள். கிண்டலாகச் சில வாக்கியங்களும் நிஜமாகச் சில வாக்கியங்களும் மின்னஞ்சலில் அனுப்பியவர்கள், எதிராளி 78 சதவீதம் சரியாகப் புரிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தார்கள். கிடைத்தது 56 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு இரண்டில் ஒன்றைச் சொன்னாலே 50 வந்துவிடும்! அதையே குரலில் கேட்டவர்கள் 73 சதவீதம் சரியாகச் சொன்னார்கள்.

யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் ஆறாம் பதிப்பின் மூல நிரலில் இதற்கு ஒரு பெயர்போன சாட்சி இருக்கிறது. 1975இல் வெளிவந்த அந்த நிரலில், ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்குக் கணினி தாவுகிற சிக்கலான இடத்தில் 'இதை நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை' என்று ஒரு குறிப்பு. படித்த பலர் இதைத் திமிராக எடுத்துக்கொண்டார்கள். 'இது பரீட்சைக்கு வராது' என்று ஆசிரியர் ஆறுதல் சொல்வாரே, அந்த அர்த்தத்தில்தான் எழுதியது என்று யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி பின்னால் விளக்கினார். அப்போது எங்களுக்கும் அந்த இடம் சரியாகப் புரிந்திருக்கவில்லை என்றும் சேர்த்துச் சொன்னார், அதை அன்றே அந்தக் குறிப்பில் எழுதியிருந்தால் யாருக்கும் மனம் சுண்டியிருக்காது.

காலமும் இடமும் மாறும்போது இன்னொரு சிக்கல் வருகிறது. சி மொழியில் நிரல் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் குனு சி நூலகத்தின் கையேட்டில் 'அபார்ட்' என்ற ஃபங்ஷன் உண்டு, ஓடுகிற நிரலைச் சட்டென்று நிறுத்துவது அதன் வேலை. ஆங்கிலத்தில் கருக்கலைப்புக்கும் அதே வேர்ச்சொல். அமெரிக்காவில் 1988இல் ஒரு விதி வந்தது: அரசின் குடும்பக் கட்டுப்பாட்டு நிதி வாங்கும் மருத்துவமனைகள் கருக்கலைப்பு பற்றி ஆலோசனை சொல்லக்கூடாது. 1991இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது, 1993இல் அதிபர் கிளின்டன் வந்து அதை விலக்கினார். அந்த விதியைக் கேலி செய்துதான் குனு திட்டத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 'வருங்கால மாற்றம் குறித்த எச்சரிக்கை' என்று தலைப்பிட்டு, தணிக்கை விதிகள் வந்தால் இந்த ஃபங்ஷனைப் பற்றியே உங்களுக்குச் சொல்ல முடியாமல் போகலாம் என்று எழுதி வைத்தார். 2018இல் ஒருவர் அதை நீக்கத் திருத்தம் அனுப்பினார், நீக்கினார்கள், ஸ்டால்மன் எதிர்த்தார், திரும்பச் சேர்த்தார்கள், வாரக்கணக்கில் சண்டை. தணிக்கையை எதிர்க்கிற ஒரு வரியைத் தூக்குவதே தணிக்கை என்பது ஒரு பக்கம். நிரல் எழுதுகிறவருக்கு அது எந்த விதத்திலும் உதவவில்லை, கருக்கலைப்பின் வலியோடு இருப்பவரைக் காயப்படுத்தவும் கூடும் என்பது மறுபக்கம்.

அந்தக் கேலியின் அரசியலோடு எனக்குச் சண்டையில்லை. அது போட்டுக்கொண்ட சட்டைதான் தப்பு. கையேட்டில் 'எச்சரிக்கை' என்று ஒரு தலைப்பு இருந்தால் அதை நம்பித்தான் ஆக வேண்டும், அந்த நம்பிக்கைக்காகத்தானே கையேட்டையே திறக்கிறோம். அமெரிக்க அரசியல் தெரியாத ஒருவர், மதுரையிலோ மணிலாவிலோ உட்கார்ந்து இதைப் படித்தால், இந்த ஃபங்ஷனை நிஜமாகவே தடை செய்யப் போகிறார்களோ என்று தேட ஆரம்பிப்பார், அவர் மீது ஒரு குற்றமும் இல்லை.

இதற்கு நேர் எதிர், 1980களின் பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகையில் 'ட்யூன்எஃப்எஸ்' பக்கம். வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கிற கோப்பு முறைமையின் அமைப்புகளைச் சீர்படுத்தும் கட்டளை அது. பக்கத்தின் கடைசியில், குறைகள் என்ற பகுதியில், 'கோப்பு முறைமையை ட்யூன் செய்யலாம், மீனை ட்யூன் செய்ய முடியாது' என்று ஒரு வரி வரும். ஆங்கிலத்தில் வாய்விட்டுப் படித்தால் சூரை மீனின் பெயர் காதில் விழும், தமிழில் விழாது, விழாமல் போனாலும் ஒரு நஷ்டமும் இல்லை. கட்டளையைப் பற்றித் தெரிய வேண்டியதெல்லாம் அதற்கு முன்னாலேயே சொல்லி முடித்தாயிற்று. அந்த வரியைப் பக்கத்தின் மூலக் கோப்பில் பார்த்தால், இதை எடுத்தால் நேரக் கணக்கு சுற்றி வரும் நாள் வரை ஒரு யூனிக்ஸ் பூதம் உன்னைத் துரத்தும் என்று ஒரு மிரட்டலும் ஒளிந்திருக்கும். நொடிகளை 32 பிட்டில் எண்ணும் கணினிகளில் எண்ணிக்கை இடம் போதாமல் திரும்பிவிடும் அந்த நாள் 2038 ஜனவரி 19. இந்த மாதிரி ஜோக்குகள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும் என்பேன்.

ஜோக் பிடிபடாதவருக்கும் வேலை முடிந்துவிட வேண்டும், நான் பார்ப்பது அவ்வளவுதான். பைத்தான் நிரல்மொழியின் டுட்டோரியல், அந்த மொழிக்குப் பெயர் தந்த பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவான மான்டி பைத்தானின் நகைச்சுவைகளைச் சேர்ப்பதை வெளிப்படையாகவே ஊக்குவிக்கிறது, அதனால்தான் அதன் உதாரணங்களில் 'ஸ்பாம்', 'எக்ஸ்' (முட்டைகள்) என்று மாறிகள், அதாவது மதிப்புகளுக்கு வைக்கும் பெயர்கள். நாடகம் பார்க்காதவருக்கும் நிரல் ஓடும். ஆனாலும் புதிதாகப் படிப்பவருக்கு 'விலை', 'எண்ணிக்கை' என்று பெயர் இருந்தால் அந்த மாறி எதற்கு என்பது பெயரிலேயே தெரிந்துவிடும், அந்த உதவி இங்கே போய்விடுகிறது.

ஜோக்கைவிட அதிகம் காயப்படுத்துவது 'எளிதாக', 'வெறுமனே இதைச் செய்தால் போதும்' போன்ற சொற்கள் என்று நினைக்கிறேன். கையேட்டைத் திறப்பவர் பெரும்பாலும் மாட்டிக்கொண்டு திறக்கிறார். இரண்டு மணி நேரம் போராடியவரிடம் எளிது என்று சொன்னால், குறை தன்னிடம்தான் என்று அவர் மூடிவிட்டுப் போய்விடுவார், ஒரு பிழையறிக்கைகூட எழுத மாட்டார். இணையதளங்கள் உருவாக்க உதவும் கட்டற்ற மென்பொருளான ஜாங்கோவின் திட்டம் தன் ஆவண வழிகாட்டியிலேயே இப்படிக் கடினத்தைக் குறைத்துக் காட்டும் சொற்களைத் தவிர்க்கச் சொல்கிறது. நீங்கள் பயன்படுத்துகிற ஏதாவது ஒரு கட்டற்ற மென்பொருளின் கையேட்டில் 'எளிதாக' என்று தேடிப் பாருங்கள், அந்த இடத்தில் உங்களுக்கு எது தப்பாகப் போனது என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அதற்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.