இருந்தால்தானா, இருந்தால் போதுமா?

தேர்தல் நாளில் வாக்குச்சாவடி வாசலில் அடிக்கடி காணக் கிடைக்கிற காட்சி இது. ஒருவர் வாக்காளர் அடையாள அட்டையோடு வருகிறார், பட்டியலில் அவர் பெயர் இல்லை. "அட்டை இருக்கே சார், அப்புறம் என்ன?" என்று கேட்கிறார். அதிகாரி உதட்டைப் பிதுக்குகிறார். அடுத்து வருபவர் அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். ஆனால் பட்டியலில் பெயர் இருக்கிறது. ஓட்டுநர் உரிமத்தைக் காட்டிவிட்டு, விரலில் மை வைத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறார்.

ஆக, அட்டை இருந்தால்தான் வாக்களிக்கலாம் என்பதும் தவறு. அட்டை இருந்தால் போதும் என்பதும் தவறு. பட்டியலில் பெயர் இருந்தால்தான் வாக்களிக்க முடியும். அது மட்டும் போதுமா என்றால் போதாது, அந்தப் பெயருக்கு உரியவர் நீங்கள்தான் என்று காட்ட ஏதாவது ஓர் ஆவணமும் வேண்டும்.

கணிதத்தில் இவற்றைத் 'தேவையான நிபந்தனை', 'போதுமான நிபந்தனை' என்கிறார்கள். பள்ளியில் படித்தபோது எது எது என்று எனக்கு மாறி மாறிக் குழம்பும். தமிழில் 'தான்' போடலாமா, 'போதும்' போடலாமா என்று சொல்லிப் பார்த்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும் என்பது பிறகுதான் பிடிபட்டது. ஓர் எண் 4ஆல் வகுபட்டால் போதும், அது இரட்டைப்படை எண். இரட்டைப்படையாக இருந்தால்தான் 4ஆல் வகுபடும். இரண்டு வாக்கியமும் ஒரே உண்மையை இரண்டு முனையிலிருந்து சொல்கின்றன. 'இரட்டைப்படையாக இருந்தால் போதும், 4ஆல் வகுபடும்' என்று மாற்றிச் சொன்னால் 6 வந்து மறுத்துவிடும்.

சில இடங்களில் இரண்டுமே பொருந்தும். ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் வரும் தொகை 3ஆல் வகுபட்டால் போதும், அந்த எண்ணும் வகுபடும். தொகை வகுபட்டால்தான் எண்ணும் வகுபடும். பாடநூல்கள் 'எனில், எனில் மட்டுமே' என்று ஒரே மூச்சில் எழுதுவது இதைத்தான். எழுதுவது ஒரே மூச்சில் என்றாலும் நிரூபிப்பது இரண்டு தனித்தனி வேலை. அதில் ஒன்று அரைப் பக்கத்தில் முடிந்துவிடும், இன்னொன்று ஆளையே தின்றுவிடும்.

கோனிக்ஸ்பெர்க் நகரின் பாலங்கள் இதற்கு நல்ல சாட்சி. இன்று ரஷ்யாவின் கலினின்கிராட் ஆகிவிட்ட அந்த ஊரை பிரேகெல் ஆறு நான்கு நிலப்பகுதிகளாகப் பிரித்திருந்தது. அவற்றை ஏழு பாலங்கள் இணைத்தன. எந்தப் பாலத்தையும் இரண்டாம் முறை மிதிக்காமல் ஏழையும் கடந்து ஒரு நடை போய்வர முடியுமா என்பது ஊராரின் புதிர். முடியாது என்று கணிதர் லியோன்ஹார்டு ஆய்லர் 1736ஆம் ஆண்டுக் கட்டுரையில் காட்டினார்.

அவர் சொன்ன காரணம் அவ்வளவு எளிமையானது. நடுவழியில் ஒரு நிலப்பகுதிக்குள் ஒரு பாலம் வழியாக வந்தால் வேறொரு பாலம் வழியாக வெளியேற வேண்டும். எனவே அங்கே பாலங்கள் இரண்டிரண்டாகத்தான் செலவாகும். நடை தொடங்கும் இடம், முடியும் இடம் தவிர மற்ற எல்லா இடங்களிலும் பாலங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால்தான் அந்த நடை சாத்தியம். கோனிக்ஸ்பெர்க்கின் தீவில் 5 பாலங்கள், மற்ற மூன்று பகுதிகளில் மும்மூன்று. நான்குமே ஒற்றைப்படை. கதை முடிந்தது.

இது 'தான்' பக்கம் மட்டும். அந்த எண்ணிக்கை சரியாக இருந்துவிட்டால் போதுமா, நடை நிச்சயம் கிடைக்குமா? கிடைக்கும் என்று ஆய்லரும் சொன்னார். ஆனால் அதற்கு முழுமையான நிரூபணம் தரவில்லை. வழியைக் கண்டுபிடிப்பது சுலபம்தான் என்கிற மாதிரி கடந்துவிட்டார். அந்தப் பாதியை நிரூபித்தவர் கார்ல் ஹியர்ஹோல்ட்சர் என்ற ஜெர்மானியர். அவர் 1871இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். அவர் சொல்லி வைத்திருந்ததை நண்பர்கள் எழுதி 1873இல் வெளியிட்டார்கள். அதாவது 'தான்' அச்சேறி நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் 'போதும்' வந்து சேர்ந்தது.

அவருடைய யோசனை பூக்கட்டுபவர்களுக்கு உடனே புரியும். எல்லா இடங்களிலும் பாலங்கள் இரட்டைப்படை என்று வைத்துக்கொள்வோம். எங்கிருந்தாவது புறப்பட்டு, கடக்காத பாலமாகப் பார்த்துக் கடந்துகொண்டே போங்கள். வேறெங்கும் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள், ஏனென்றால் உள்ளே வர ஒரு பாலம் இருந்தால் வெளியேற இன்னொன்றும் இருக்கும். புறப்பட்ட இடத்தில்தான் நடை நிற்கும். பாலங்கள் மிச்சம் இருந்தால், வந்த வழியில் மிச்சப் பாலம் உள்ள ஓர் இடத்திலிருந்து இன்னொரு சுற்றுப் போய் அதே இடத்துக்குத் திரும்புங்கள். அந்தச் சின்னச் சரத்தைப் பெரிய சரத்தின் நடுவில் சேர்த்துக் கட்டிவிடுங்கள். மிச்சம் தீரும்வரை இதையே செய்தால் முழு நடை கையில் கிடைத்துவிடும். இதில் சத்தமில்லாமல் இன்னொரு நிபந்தனையும் ஒளிந்திருக்கிறது: ஊர் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும். ஒட்டுறவே இல்லாத இரண்டு பாதிகளாக ஊர் பிரிந்து கிடந்தால் இரட்டைப்படை மட்டும் இருந்து பயனில்லை.

ஒரு சின்ன விலகல். புள்ளிகளைச் சுற்றி வளைந்து ஓடும் சிக்குக் கோலத்தில், கோடுகள் வெட்டிக்கொள்ளும் ஒவ்வோர் இடத்திலும் நான்கு கிளைகள் இருக்கும். நான்கு இரட்டைப்படை. அப்படியானால் ஆய்லர் கணக்குப்படி ஒட்டியிருக்கும் எல்லாச் சிக்குக் கோலத்தையும் கை எடுக்காமல் ஒரே இழையில் போட்டுவிடலாமே? போடுபவர்களைக் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். கோலத்தில் இழை வெட்டுமிடத்தில் திரும்பக்கூடாது, நேராகக் கடந்து போக வேண்டும். ஒன்றையொன்று வெட்டும் இரண்டு வளையங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டும் இரண்டு இடங்களிலும் நான்கு கிளைகள் உண்டு, ஆய்லருக்குத் திருப்தி. ஆனால் நேராகவே போனால் இழை முதல் வளையத்தை மட்டும் சுற்றிவிட்டுப் புறப்பட்ட புள்ளிக்கே வந்துவிடும், இரண்டாவது வளையம் அப்படியே கிடக்கும். ஒரு கேள்விக்குப் போதுமானது, விதியைக் கொஞ்சம் இறுக்கியதும் போதாமல் போய்விடுகிறது.

பகா எண்களிடமும் இந்த ஏமாற்று உண்டு. 2ஐத் தவிர்த்த எந்தப் பகா எண்ணுக்கும் ஃபெர்மா என்ற கணிதரின் விதி ஒன்று பொருந்தும்: அந்த எண்ணில் ஒன்றைக் குறைத்து, அத்தனை 2களைப் பெருக்கி, அதிலிருந்து 1ஐக் கழித்தால் வருவது அந்த எண்ணால் வகுபடும். உதாரணமாக 7க்கு 2⁶ − 1 = 63, அது 7ஆல் வகுபடும். இதைத் திருப்பிப் போட்டு, 'இந்தச் சோதனையில் தேறினால் போதும், பகா எண்தான்' என்று சொல்லத் தோன்றும். 3, 5, 7 என்று சோதித்துக்கொண்டே போனால் 340 வரை ஒரு தவறும் வராது. 341 தேறிவிடும்; ஆனால் 341 = 11 × 31. இவ்வளவு தூரம் நம்ப வைத்துவிட்டுக் கழுத்தறுக்கும் எண்ணை நான் வேறு பார்த்ததில்லை. இரண்டு பக்கமும் பொருந்துகிற, எண் எவ்வளவு பெரிதானாலும் கணினி தாங்கக்கூடிய நேரத்தில் சந்தேகமற முடிகிற ஒரு சோதனையைக் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் 2002இல் கொடுத்தார்கள். ஃபெர்மாவின் அதே விதியை விரிவாக்கித்தான் அதைச் செய்தார்கள்.

கணிதத்துக்கு வெளியே வந்தால் விளையாட்டு ஆபத்தாகிவிடும். 1892இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலரா பரவி 8,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காலராவுக்குக் காரணம் ஒரு கிருமி என்று கிருமியியல் அறிஞர் ராபர்ட் காக் சொல்லிவந்தார். கிருமி மட்டும் இருந்து நோய் வராது, மண்ணின் நிலையும் ஆளின் உடல்வாகும் சேர வேண்டும் என்று வாதாடினார் மியூனிக்கின் சுகாதார அறிஞர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர். அந்த அக்டோபரில், தம் 73ஆவது வயதில், காலராக் கிருமிகள் நிறைந்த கரைசலை அவர் குடித்தார். வயிற்று அமிலம் கிருமியைக் கொன்றுவிட்டது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று சோடா உப்பையும் சேர்த்துக்கொண்டார். பேதியானது, பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

கிழவர் நிரூபித்தது உண்மைதான்: கிருமி மட்டும் போதாது. ஆனால் அதிலிருந்து மண்தான் வேண்டும் என்பது எப்படி வரும்? போதாது என்று காட்டினால், வேறு ஏதோ ஒன்றும் வேண்டும் என்பது மட்டும்தான் தெரியும். எது என்று தெரியாது. காக் வேறு பக்கம் கையைக் காட்டினார். ஹாம்பர்க்கை ஒட்டியே இருந்த அல்டோனா நகரும் அதே எல்பே ஆற்றின் நீரைத்தான் குடித்தது. அதுவும் ஹாம்பர்க்கின் கழிவு கலந்த பிறகு. ஆனால் மணலில் வடிகட்டிக் குடித்தது. எல்லைத் தெருவில் ஒரு பக்கம் காலரா, எதிர்ப்பக்கம் பெரும்பாலும் இல்லை.

காலரா வர என்னென்ன சேர வேண்டும் என்ற முழுப் பட்டியல் காக்கிடம் இல்லை, அல்டோனாவுக்கு அது தேவைப்படவும் இல்லை. கிருமி இருந்தால்தான் நோய் என்றால், கிருமியைத் தடுத்தால் போதும். ஒரு 'தான்'ஐ முறித்தால் அது தடுப்பதற்கான 'போதும்' ஆகிவிடுகிறது. காசநோயிலும் இதே கதைதான். உலக மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவரின் உடலில் அந்தக் கிருமி நுழைந்திருக்கிறது. வாழ்நாளில் நோயாளி ஆகிறவர்கள் அவர்களில் 5 முதல் 10 சதவீதம்தான்.

நெருப்பில்லாமல் புகையாது என்று நாம் சொல்வதுண்டு. நெருப்பு இருந்தாலே புகை வருமா என்று பழைய இந்தியத் தத்துவப் பிரிவான நியாய மரபின் தர்க்க அறிஞர்கள் கேட்டார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. ஈர விறகும் சேர்ந்தால்தான் புகை என்றார்கள்.

சட்டமும் இதே கேள்வியோடு மல்லுக்கட்டுகிறது. 'இவர் செய்யாமல் இருந்திருந்தால் இந்தச் சேதம் நடந்திருக்குமா?' என்பது நீதிமன்றங்களின் வழக்கமான சோதனை. இது 'தான்' சோதனை. ஆனால் 1918இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ரயில் எஞ்சினிலிருந்து கிளம்பிய ஒரு தீ, எங்கிருந்து வந்ததென்று தெரியாத இன்னொரு தீயோடு கலந்து ஒருவரின் சொத்தை எரித்தது. இரண்டில் ஒன்று மட்டும் வந்திருந்தாலும் அது எரிந்திருக்கும் என்றால், எங்கள் தீ இல்லாவிட்டாலும் இதுதானே நடந்திருக்கும் என்று ரயில் நிறுவனம் தப்பித்துவிடலாம். இரண்டு தீயையும் இரண்டு பேர் மூட்டியிருந்தால் இருவருமே இப்படிச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம், எரிந்ததற்கு யாரும் பொறுப்பில்லை என்றாகிவிடும். 1920இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. அந்தத் தீ சேதத்துக்குக் கணிசமான காரணமாக இருந்திருந்தால் நிறுவனம் பொறுப்புதான் என்றது. எவ்வளவு இருந்தால் 'கணிசம்' என்பதை நடுவர் குழுவின் தலையில் கட்டிவிட்டது.