காப்பீட்டு அட்டை இருந்தும் ஏன் பணம் கட்டச் சொல்கிறார்கள்?

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் காலைப் பேருந்தில் ஏறினால், மடியில் பெரிய எக்ஸ்ரே கவரும் அதற்குள் மடித்து வைத்த ரேஷன் கார்டு ஜெராக்ஸுமாக நாலைந்து பேராவது உட்கார்ந்திருப்பார்கள். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி முள்ளோடை வந்தால் மாநிலம் மாறிவிடும். பேருந்தில் இருப்பவர்களுக்கு அது பெரிதாகத் தெரியாது. இரண்டு பக்கமும் அதே ஊர்ப் பேச்சு, அதே சொந்தபந்தம். ஆனால் அந்தக் கவருக்குள் இருக்கும் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு அந்த எல்லை இருக்கிறது. அது தெரியாமல் மருத்துவமனை வாசல்வரை போய், "இந்தக் கார்டு இங்கே செல்லாதுங்க" என்று கேட்டுத் திரும்பியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் நாம் கையில் வைத்திருப்பது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை. 2009 ஜூலையில் உயிர்காக்கும் சிகிச்சைகளுக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரி 11 முதல் இப்போதைய பெயரில் நடக்கிறது. ஆட்சிகள் மாறினாலும் திட்டம் விரிந்துகொண்டுதான் வந்திருக்கிறது. 2018 செப்டம்பர் 23-ல் மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத் வந்தபோது இரண்டையும் ஒன்றாக இணைத்தார்கள். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. ஆளுக்கு 5 லட்சம் இல்லை, குடும்பம் மொத்தத்துக்கும் சேர்த்து.

யாருக்குக் கிடைக்கும்? குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு 72,000 ஆக இருந்த வரம்பை, 2022-ல் திட்டத்தைப் புதுப்பித்த சமயத்தில் உயர்த்தினார்கள். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு இந்த வருமான வரம்பு கிடையாது. சிப்காட் தொழிற்சாலையில் வேலை பார்த்து, சம்பளத்தில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடித்தம் உள்ளவர்களுக்கு அது தனி வழி. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் அதில் வருவார்கள். இந்த 1,20,000 என்பது மாதம் 10,000 ரூபாய் கணக்கு. புருஷன் கட்டிட வேலைக்கும் பெண்டாட்டி பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கவும் போனால் இரண்டு பேர் கூலியும் சேர்ந்து அதைத் தாண்டிவிடும். அப்படிப்பட்ட குடும்பத்துக்கும் ஒரு இதய அறுவை சிகிச்சைச் செலவு என்பது நிலத்தை விற்கிற சமாச்சாரம்தான். இந்த வரம்பை இன்னும் உயர்த்த வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அட்டை வாங்க ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றும் வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இதற்கென்று இருக்கும் மையத்தில் புகைப்படம் எடுத்துப் பதிவு செய்வார்கள். வருமானச் சான்று வாங்கும் வேலையை நோய் வருவதற்கு முன்பே முடித்து வையுங்கள். நெஞ்சுவலிக்காரரைப் படுக்கையில் போட்டுவிட்டு மகன் வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அலைவது எவ்வளவு கொடுமை என்பது அலைந்தவருக்குத்தான் தெரியும்.

ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறவர்கள்தான் இந்தத் திட்டத்தில் குடும்பம். இங்கேதான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருக்கும், மருமகள் பெயர் இன்னும் அவள் அப்பா வீட்டுக் கார்டிலேயே இருக்கும். 'பிறகு பார்த்துக்கலாம்' என்று விட்டிருப்பார்கள். அவளுக்கு ஒரு அறுவை சிகிச்சை என்று வரும்போது கணவன் வீட்டு அட்டையில் அவள் இல்லை, அப்பா வீட்டு அட்டையைத் தேட வேண்டும். கிராமத்தில் ஒரு வீட்டில் இதைக் கண்ணாலேயே பார்த்தேன். பீரோவிலிருந்து எடுத்து வந்த கார்டில் மாமனார், மாமியார், மகன், இறந்துபோன பாட்டி பெயர்கூட இருந்தது. வீட்டில் நடமாடும் மருமகள் பெயர் மட்டும் இல்லை. இன்றைக்கே உங்கள் வீட்டுக் கார்டை எடுத்து ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

சரி, அட்டை இருக்கிறது. அப்புறம் ஏன் பணம் கட்டச் சொல்கிறார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய, திட்டம் எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

இது ஏ.டி.எம். கார்டு மாதிரி எந்த நோய்க்கும் எங்கே வேண்டுமானாலும் தேய்க்கிற அட்டை இல்லை. அரசு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு நிர்ணயத் தொகை உண்டு. அதைப் பேக்கேஜ் என்கிறார்கள். மருத்துவமனைகளையும் துறைவாரியாகத்தான் சேர்த்திருப்பார்கள். ஒரு மருத்துவமனை எலும்பு சிகிச்சைக்குப் பட்டியலில் இருக்கும், இதய சிகிச்சைக்கு இருக்காது. வாசலில் திட்டத்தின் போர்டு இருப்பதால் எல்லா நோய்க்கும் அங்கே அட்டை செல்லும் என்று நினைத்துவிடக் கூடாது. சில சிகிச்சைகளை அரசு மருத்துவமனைகளுக்கு மட்டுமே ஒதுக்கியும் வைத்திருக்கிறார்கள். அதனால் போன உடனே "இந்த நோய்க்கு, இந்த ஆஸ்பத்திரியில், இந்த அட்டை செல்லுமா?" என்று மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் வீட்டிலிருந்தே கேட்டுவிட்டுக் கிளம்புவது இன்னும் நல்லது.

அடுத்தது ஒப்புதல். மருத்துவமனை உங்கள் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றி காப்பீட்டுத் தரப்பிடம் முன்அனுமதி கேட்கும். அவர்கள் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகே அறுவை சிகிச்சை. உயிருக்கு ஆபத்து என்றால் தொலைபேசியிலேயே தகவல் சொல்லி சிகிச்சையைத் தொடங்க மருத்துவமனைக்கு வழி இருக்கிறது. பணம் கேட்கும் பேச்சு பெரும்பாலும் இந்த ஒப்புதலுக்குக் காத்திருக்கும் நேரத்தில்தான் வரும்.

என் அத்தை வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தபோது எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது. அது ஒரு தனியார் மருத்துவமனை. "அப்ரூவல் வர ரெண்டு நாள் ஆகும் தம்பி, இப்போதைக்கு இருபதாயிரம் கட்டிடுங்க, வந்ததும் திருப்பிக் குடுத்துடுவோம்" என்றார் கவுண்டரில் இருந்தவர். மருந்துக்கடை பில்லின் பின்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் '20,000 அட்வான்ஸ்' என்று எழுதி நீட்டினார். முத்திரை இல்லை, தேதி இல்லை, நோயாளி பெயர்கூட இல்லை. அத்தை உள்ளே வலியில் முனகிக்கொண்டிருந்தார். மாமா வேட்டி மடிப்பிலிருந்து பணத்தை எடுக்கப் போனார். நான், "ரசீது போட்டுக் குடுங்க சார், காப்பீட்டுத் திட்ட நோயாளின்னு அதுலயே எழுதிடுங்க" என்று கேட்டேன். அவர் அந்தச் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மேலே கேட்டுச் சொல்வதாக உள்ளே போனார். அதன்பிறகு யாரும் அட்வான்ஸ் கேட்கவில்லை. மறுநாள் மாலை ஒப்புதல் வந்தது.

பேக்கேஜ் தொகை என்பது அறுவை சிகிச்சை செய்கிற டாக்டருக்கு மட்டும் இல்லை. படுக்கை, நர்சிங், மயக்க மருந்து, ஆபரேஷன் தியேட்டர், மருந்து, பரிசோதனை, உள்ளே பொருத்தும் கம்பி, பிளேட் வரை அதற்குள் அடக்கம். ஒப்புதல் வாங்கிய சிகிச்சைக்கு இவற்றுக்கெல்லாம் தனியாகப் பணம் வாங்கக் கூடாது. ஆயுஷ்மான் பாரத் விதியில் சேர்க்கைக்கு முந்தைய 3 நாள் செலவும், வீட்டுக்கு அனுப்பிய பிறகு 15 நாள் மருந்தும் பரிசோதனையும்கூட உள்ளே வரும்.

இன்னொரு பேச்சும் வரும். "கார்டுல வர்றது சாதா ஸ்டென்ட். நல்லது வேணும்னா மேல கொஞ்சம் போட்டுக்குங்க." பயத்தில் இருக்கிற குடும்பம் உடனே தலையாட்டிவிடும். இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு வைக்கும் ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியிலும், முழங்கால் மூட்டு உபகரணத்துக்கு அதே ஆண்டு ஆகஸ்ட்டிலும் மத்திய அரசு உச்ச விலை நிர்ணயித்திருக்கிறது. யாரும் நினைத்த விலை சொல்ல முடியாது. மேலே பணம் கேட்டால், எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள்.

மருத்துவமனைகள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. பேக்கேஜ் தொகை கட்டுப்படியாகவில்லை, பணம் வர மாதக்கணக்கில் ஆகிறது என்பது அவர்கள் நாடு முழுக்கச் சொல்லும் குறை. ஹரியானாவில் 2025 ஆகஸ்ட்டில் பாக்கிக்காகத் தனியார் மருத்துவமனைகள் ஆயுஷ்மான் சிகிச்சையையே நிறுத்தி வைத்தன. அது அரசோடு பேசித் தீர்க்க வேண்டிய கணக்கு. அந்தச் சுமையை நோயாளியின் தலையில் இறக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ சேர்த்தாலும் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்பார்கள். "கவர்மென்ட் ஆஸ்பத்திரி இலவசம்தானே, எதுக்குக் கார்டு?" என்று சிலர் பயந்து மறைத்துவிடுகிறார்கள். மறைக்காதீர்கள். அந்த அட்டையில் பதிவு செய்தால் தனியாருக்குப் போகும் காப்பீட்டுப் பணம் மாதிரி அரசு மருத்துவமனைக்கும் பணம் வரும். கருவி வாங்கவும், விலை அதிகமான மருந்தையும் உபகரணத்தையும் வெளியிலிருந்து வரவழைக்கவும் அந்தப் பணம்தான் கை கொடுக்கிறது. அட்டை இல்லாதவருக்கும் அங்கே சிகிச்சை உண்டு, அதில் சந்தேகமே வேண்டாம்.

இப்போது முள்ளோடைக்கு வருவோம். தமிழ்நாட்டு அட்டைகள் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் இரண்டு வகைக் குடும்பங்கள் அதற்குள் இருக்கின்றன. 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி ஆயுஷ்மான் பாரத் பட்டியலில் வந்த குடும்பங்கள் ஒரு வகை. மாநில அரசு தன் செலவில் சேர்த்த குடும்பங்கள் இன்னொரு வகை. முதல் வகையினர் நாட்டில் எந்த மாநிலத்திலும், ஆயுஷ்மான் பட்டியலில் உள்ள மருத்துவமனையில் சிகிச்சை பெறலாம். இரண்டாம் வகையினருக்குத் தமிழ்நாட்டுத் திட்டம் ஒப்பந்தம் போட்ட மருத்துவமனைதான். ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டுக்காரர்கள், ஒருவர் அட்டை எல்லைக்கு அப்பால் செல்லும், மற்றவர் அட்டை செல்லாது என்பதற்கு இதுதான் காரணம். நீங்கள் எந்த வகை என்பதை 14555 என்ற எண்ணிலோ, தேசிய சுகாதார ஆணையத்தின் பயனாளிகள் தளத்தில் ஆதார் எண்ணைக் கொடுத்தோ பார்த்துவிடலாம். கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் பக்கத்துத் தனியார் மருத்துவக் கல்லூரிகளுக்கோ கோரிமேட்டில் ஜிப்மருக்கோ பஸ் ஏறுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜிப்மர் மத்திய அரசு நிறுவனம், அங்கே ஆயுஷ்மான் அட்டை எடுபடும்.

புதுச்சேரிப் பக்கம் இருக்கும் வயதானவர்களுக்கு ஒரு செய்தி. ஆதாரில் 70 வயது நிறைந்திருந்தால் வருமானம் பார்க்காமலே 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தரும் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை 2024 அக்டோபர் 29 முதல் நடப்பில் இருக்கிறது. குடும்பம் ஏற்கெனவே ஆயுஷ்மானில் இருந்தால், பெரியவர்களுக்கு மட்டும் தனியாக இன்னொரு 5 லட்சம்.

சாலை விபத்து என்றால் அட்டையைத் தேடிக்கொண்டிருக்கத் தேவையே இல்லை. தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் பார்த்துக்கொள்ளும். எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்த விபத்துக்கு, 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தில் 7 நாள்வரை 1,50,000 ரூபாய் அளவுக்குப் பணமில்லாச் சிகிச்சை உண்டு. முதலில் 108-க்குப் போன் செய்யுங்கள்.

இந்தத் திட்டத்தில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது, படுத்தால்தான் பணம் என்பது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் வாங்கும் மாத்திரை இதில் கிடையாது. ஆனால் வீட்டைச் சாய்ப்பது அந்த மாதச் செலவுதான். பக்கத்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்தால் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாக மாத்திரை வீட்டுக்கே வரும். வெளியில் வாங்க வேண்டியிருந்தால், 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களிலும், மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களிலும் விலை குறைவு.

பணம் கட்டிவிட்டீர்கள், திருப்பித் தரவில்லை என்றால் அதே 1800 425 3993-ல் புகாரைப் பதிந்து, புகார் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையில் இந்தத் திட்டத்துக்கென்று ஒரு குறைதீர்ப்புக் குழு இருக்கிறது. திங்கள்கிழமை மக்கள் குறைதீர்ப்பு நாளில் மனுவாகவும் கொடுக்கலாம். மனுவோடு ரசீது, டிஸ்சார்ஜ் சம்மரி நகல் இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும். சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது டாக்டர்களுக்கான நடத்தை விதியிலேயே இருக்கிறது. வாய்ச்சொல்லாகக் கேட்காமல் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்து, அதன் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.