திருப்பிப் போட்டால் புதுச்சொல்

இந்தோனேசிய இளசுகளின் சாட்டில் 'குய்' என்ற சொல் அடிக்கடி வந்து விழும். 'வா, போகலாம்' என்பதற்கு அவர்கள் ஊரில் 'யுக்'. அதைக் கடைசி ஒலியிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள், 'குய்' வரும். அண்ணனைக் கூப்பிடும் 'பாங்' இதே போல 'ஙாப்' ஆகிறது. ஆங்கில எழுத்தில் 'ங்' இரண்டு எழுத்து, ஆனால் நாக்குக்கு ஒரே ஒலி. அதனால் அது உடையாமல் முன்னால் வந்துவிடுகிறது. 'முடியும்' என்னும் 'பிசா' மட்டும் அசை மாறி 'சாபி' ஆகிறது. எழுத்தெழுத்தாகத் திருப்பினால் 'அசிப்'. அதைச் சொல்லிப் பார்த்தால் நமக்கே ஒட்டவில்லை.

கிழக்கு ஜாவாவின் மாலாங் நகரில் இது பழைய பழக்கம். ஊர்ப்பெயரே 'ஙாலாம்'. பையன் என்னும் 'அரெக்', திருப்பினால் 'கெரா'. இந்தோனேசிய மொழியில் கெரா என்றால் குரங்கு! அதையே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

அதே ஜாவாவின் யோக்யகர்த்தா நகரத்துக்காரர்களின் வழிதான் எனக்குப் பிடித்தது. ஜாவா எழுத்து இருபது, வரிக்கு ஐந்தாக நான்கு வரி. முதல் வரி எழுத்துக்குப் பதில் மூன்றாம் வரியில் அதே இடத்து எழுத்து, இரண்டாம் வரிக்கு நான்காம் வரி. மறுதிசையிலும் அப்படியே. மெய் மட்டும் இடம் மாறும், உயிர்க்குறி அசையாது. பல்லவ எழுத்தின் வழிவந்த லிபி ஆயிற்றே, நம் உயிர்மெய்க் கணக்கு அங்கேயும் செல்லும்.

'மாஸ்' என்றால் அண்ணன். ம-வுக்கு நேர் த, ஸ-வுக்கு நேர் ப. ஆக, 'தாப்'. யோக்யகர்த்தா தெருவில் இளைஞர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவது இப்படித்தான். 'மதாமு' என்றால் 'உன் கண்', கொஞ்சம் வசவு வாடையும் உண்டு. ம போய் த, த போய் க, மு போய் து: 'தகாது'. (அவர்களிடம் வல்லின த வேறு, மெலிந்த த வேறு, ஆகவே குழப்பம் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே த வைத்திருக்கும் நமக்குத்தான் தலை சுற்றும்.)

மாலாங் பேச்சைக் கொஞ்சம் யோசித்தால் யாரும் பிடித்துவிடலாம். யோக்யகர்த்தா பேச்சுக்கோ நான்கு வரியும் மனப்பாடமாக இருக்க வேண்டும், ஜாவா மொழியும் தெரிய வேண்டும். ஆனாலும் ரகசியம் நிற்கவில்லை. 1994-இல் யோக்யகர்த்தாவில் அதே 'தகாது' ஒரு டி-ஷர்ட் கடையின் பெயரானது, சின்னம் ஒரு கண். இன்று ஊர் பார்க்க வருகிறவர்கள், நெஞ்சில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே அதை வாங்கிப் போட்டுக்கொண்டு போகிறார்கள்.