வாய்மோப்பம்: பூனை வாயைத் திறந்தபடி நிற்பதற்கு ஒரு தமிழ்ச் சொல்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வரிசையில் மூன்றாவது வீட்டுப் பாட்டி, ஒரு காலத்தில் வெளிக்காட்டில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர். சுற்றிலும் செம்பனை வந்துவிட்ட பிறகும் அவருடைய மருமகன் ஒரு சிறு தோட்டத்தில் இன்னமும் மரம் சீவுகிறார். ஒட்டுப்பால் (ஒட்டி உறைந்த ரப்பர் பால்) சேர்த்த கோணிப்பையைப் பின்வாசல் படியில் போட்டுவிட்டுத்தான் குளிக்கப் போவார். ஒட்டுப்பாலின் நாற்றத்தைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு மாலை அந்தப் பையருகே பாட்டியின் கடுவன் பூனை வந்தது. பையின் மடிப்பில் மூக்கை ஒட்டி இரண்டு மூன்று முறை மோந்தது. பிறகு தலையை நிமிர்த்தி, மேலுதட்டைச் சற்றே சுருக்கி, வாயைப் பாதி திறந்து, கண்ணை எங்கேயோ நிறுத்தி, ஏழெட்டு நொடி சிலை போல நின்றது. கடைசியில் மூக்கை ஒரு முறை நக்கிக்கொண்டு தன் போக்கில் நடந்துவிட்டது.

“என்ன வாத்தியாரே, நாத்தம் தாங்காம வாயப் பொளந்துகிட்டு நிக்குது?” என்று பாட்டி கேட்டார்.

நாற்றம் தாங்காமல் அன்று, அந்த நாற்றத்தை இன்னும் நன்றாக அறிவதற்காகவே அது அப்படி நின்றது என்று சொன்னேன். அதன் பெயர் என்ன என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு ஜெர்மானியச் சொல்லைத்தான் சொல்லியிருப்பேன். அந்தச் சொல்லின் வரலாற்றையும், அதற்குத் தமிழில் எது பொருந்தும் என்பதையும் இங்கே பார்க்கலாம்.

விலங்கியலில் இச்செயலுக்குப் பிளேமன் என்று பெயர். லைப்சிக் விலங்குக் காட்சிச்சாலையின் இயக்குநராக இருந்த கார்ல் மாக்ஸ் சினைடர், சிங்கம், புலி போன்ற பெரும்பூனைகளை ஆண்டுக்கணக்கில் கூர்ந்து கவனித்தவர். 1930-இல் இச்சொல்லை அறிவியல் வழக்கிற்குக் கொண்டுவந்தவர் அவரே. சொல்லை அவர் புதிதாகப் படைக்கவில்லை. மேல் சாக்சனி வட்டாரத்துப் பேச்சு வழக்கில் மேற்பல் தெரிய உதட்டைத் தூக்குவதைக் குறித்த வினைச்சொல் அது. ஜெர்மன் மொழியில் மன்றாடுதலைக் குறிக்கும் ‘பிளேயன்’ என்னும் சொல் ஒலியில் இதற்கு நெருங்கி நிற்பதால், பூனை எதையோ கெஞ்சுகிறது என்று பொருள் கொள்பவர்கள் உண்டு, அது பிழை. இன்னொரு குழப்பம் ஒலிப்பில் இருக்கிறது. அச்சொல்லின் நடுவே எழுதப்படும் ‘ஹ’ ஒலியெழுத்து, முன்னுள்ள எகரத்தை நீட்டிச் சொல்ல வேண்டும் என்பதற்கான குறி மட்டுமே, அது ஒலிக்கப்படுவதில்லை. ஆகவே தமிழில் ஒலிபெயர்த்து எழுத நேர்ந்தால் ‘பிளேமன்’ என்பதே சரி. ‘பிளெஹ்மன்’ என்று எழுதுவது எழுத்தைப் பார்த்து எழுதுவதாகும், ஒலியைக் கேட்டு எழுதுவதாகாது.

சொல் உதட்டைப் பற்றியது. செயலோ உதட்டில் நிகழ்வதன்று. பூனை கொட்டாவி விடும்போது அதன் மேல்வாயைப் பார்த்தால், அரிசியளவிலான ஆறு முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் ஒரு சிறு மேடு தெரியும். அந்த மேட்டின் இரு பக்கமும் நுண்ணிய துளைகள் இருக்கின்றன. அத்துளைகளிலிருந்து மேலே செல்லும் கால்வாய்கள், மூக்கின் நடுச்சுவரின் அடியில் இருபுறமும் கிடக்கும் நீர்மம் நிறைந்த இரண்டு குழல்களைச் சென்றடைகின்றன. டென்மார்க் நாட்டு உடற்கூற்றியலாளர் லுட்விக் யாக்கப்சன் 1813-இல் இதை விரிவாக விளக்கியதால் அவர் பெயராலேயே இவ்வுறுப்பு அறியப்படுகிறது. பாம்பு நாக்கை நீட்டி நீட்டி இழுப்பது எதற்கு என்று படித்தவர்கள் ‘ஜேக்கப்சன் உறுப்பு’ என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். பூனை வாயைத் திறந்து மேலுதட்டைச் சுருக்கும்போது, மோந்த பொருளிலிருந்து வந்த துகள்கள் எச்சிலோடும் காற்றோடும் அத்துளைகளின் வழியே மேலேறுகின்றன. நாக்கின் நுனியும் அவற்றை அந்த மேட்டை நோக்கித் தள்ளிக் கொடுக்கிறது. குழலைச் சுற்றியுள்ள இரத்த நாளங்கள் விரிந்து சுருங்குவதால் அது ஒரு சிறு பம்பு போல நீர்மத்தை உள்ளிழுக்கிறது.

சாதாரண மணம் காற்றில் பரவும் ஆவியாக மூக்கினுள் வரும். இக்குழல்களுக்கு வருபவை பெரும்பாலும் எளிதில் ஆவியாகாத கனத்த மூலக்கூறுகள். அவற்றைத் தொட்டும் நக்கியும் நீரில் கரைத்துமே கொண்டுவர வேண்டும். இங்கிருந்து கிளம்பும் நரம்புச் செய்தியும் மூளையில் மணத்துக்குரிய வழக்கமான இடத்திற்குப் போவதில்லை. துணை முகிழம் என்னும் தனியான ஒரு சிறு மூளைப் புடைப்பை அடைந்து, இனச்சேர்க்கை, அச்சம், எல்லைப் போட்டி ஆகியவற்றை ஆளும் பகுதிகளுக்குச் செல்கிறது. ஒரு கடுவன் இன்னொரு கடுவனின் சிறுநீர்த் தடத்தைக் கண்டதும், பருவத்திலிருக்கும் பெட்டையின் சிறுநீரை மோந்ததும் இப்படி நிற்பதற்கு இதுவே காரணம். பூனைச் சிறுநீரில் ஃபெலினின் என்னும் அமினோ அமிலம் இருக்கிறது, கடுவனிடம் மிகுதியாக இருக்கிறது. அது சிதையும்போது எழும் கந்தகச் சேர்மங்களே நாம் மூக்கைப் பொத்திக்கொள்ளும் அந்த நெடி. பாட்டி வீட்டுக் கோணிப்பையிலும் ஒட்டுப்பாலை விட, முந்திய இரவு ஏதோ ஓர் அயல் கடுவன் பீச்சிவிட்டுப் போனதே அதன் கவனத்தை இழுத்திருக்கும் என்பது என் கணிப்பு. பெட்டைகளும் இதைச் செய்யும். வியர்வை ஊறிய காலுறை, பழைய சப்பாத்து, புதிதாக வந்த விருந்தாளியின் பை என்று எது வேண்டுமானாலும் இதைத் தூண்டலாம்.

எனவே நமக்கு வேண்டிய சொல், உதட்டையோ பல்லையோ காட்டாமல் மோத்தலைக் காட்ட வேண்டும். ஜெர்மானியப் பொருளை அப்படியே பெயர்த்துப் ‘பல்லிளிப்பு’ என்று வைத்தால் இரண்டு இடர்கள் எழுகின்றன. பல்லிளித்தல் என்றால் தமிழில் மானம் விட்டுக் கெஞ்சி நிற்றல் என்பது பொருள். ஜெர்மன்காரர்கள் தவறாகச் சென்று விழுகிற அதே குழியில் நாமே விரும்பி இறங்கியதாகிவிடும். அடுத்து, ஆட்டுக் கிடாயும் காளையும் இச்செயலைப் பூனையைவிடப் பகட்டாகச் செய்கின்றன. ஆட்டுக்கும் மாட்டுக்கும் மேல்வாயில் முன்பற்களே கிடையா. இல்லாத பல்லை எப்படி இளிப்பது?

‘வாய்திறப்பு’ என்றோ, பழைய இலக்கணச் சொல்லான ‘அங்காப்பு’ என்றோ வைக்கலாமா என்றும் எண்ணிப் பார்த்தேன். அகரமும் ஆகாரமும் அங்காந்து பிறக்கும் என்று தொல்காப்பியமும், அவ்விரண்டும் அங்காப்பு உடையன என்று நன்னூலும் சொல்கின்றன. வாய் திறத்தலுக்கு இதைவிடத் துல்லியமான சொல் நம்மிடம் இல்லை. ஆனால் அங்காப்பு நிலையைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. பூனை அங்காந்திருக்கும் வேளைகள் பல. கொட்டாவி விடும்போது அங்காந்திருக்கும், சீறும்போது அங்காந்திருக்கும், கூரையில் ஓடும் பல்லியைப் பார்த்துத் தாடை நடுங்கக் ‘கெக்கெக்’ என்னும்போதும், ஈறு அழுகி எச்சில் ஒழுகும்போதும் அப்படியே. இவற்றோடு இளைப்பும் ஒன்று, அதை நான் கற்றுக்கொண்டது ஓர் உயிரின் விலையில்.

பிளேமன் என்ற சொல்லை அறிந்த புதிதில் எனக்கு அதில் பெருமிதம் அதிகம். பழக்கமான ஒரு தங்கச்சி தொலைபேசியில் அழைத்து, “அண்ணே, எங்க பூனை காலையிலேர்ந்து வாயத் தொறந்தே வச்சிருக்கு” என்றார். நான் நேரில் போய்ப் பாராமலே, “ஒண்ணுமில்லம்மா, அது மோப்பம் பிடிக்கிறது” என்று விளக்கம் கொடுத்தேன். மறுநாள் அவர்கள் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போவதற்குள் அது இறந்துவிட்டது. நெஞ்சுக்குள் நீர் கோத்திருந்ததாம். ‘காலையிலேர்ந்து’ என்ற ஒரு சொல்லை நான் காதில் வாங்கியிருந்தால் போதும். மோந்து பார்க்கும் பூனை சில நொடிகளில் வாயை மூடிவிடும், வயிறு குலுங்காது, அதற்கு முன் எதையாவது மோந்திருக்கும். இளைக்கும் பூனை எதையும் மோவாது. கழுத்தை நீட்டி, விலாப்புறம் ஏறி இறங்க, நாக்கு வெளியே தெரிய மூச்சு வாங்கும். நாயைப் போல இளைப்பது பூனைக்கு வழக்கமில்லை. ஓய்ந்து படுத்திருக்கும் பூனை நிமிடத்துக்குச் சுமார் 20 முதல் 30 முறை மூச்சு விடும். அது 40-ஐத் தாண்டினாலோ, ஈறு நீலம் பாய்ந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நம் ஊர் வெயிலில் காரில் கூண்டோடு கொண்டுபோன பூனை சற்று நேரம் இளைப்பதுண்டு. நிழலில் வைத்தும் அடங்கவில்லையென்றால் அதுவும் நோய்க்கணக்குத்தான். இரண்டு செயலையும் ‘வாயைத் திறக்கிறது’ என்ற ஒரே தொடரால் சொல்லிக்கொண்டிருப்பதன் கேடு இது.

சரி, மோத்தலைக் குறிக்கத் தமிழில் எந்த வேர்ச்சொல்லை எடுப்பது? நுகர்தல் நல்ல சொல். ஆனால் தமிழகத்தில் அது கடைத்தெருவுக்குப் போய்விட்டது, ‘நுகர்வோர்’ என்றால் அங்கே பொருள் வாங்குபவர். நாம் மலேசியாவில் பயனீட்டாளர் என்று சொல்வதால் நமக்கு அந்த இடர் இல்லை என்றாலும், இரு நாட்டிலும் ஒரே பொருள் தரும் சொல்லே கலைச்சொல்லாக நிலைக்கும். முகர்தல் ஏட்டுச் சொல்லாக நிற்கிறது. எஞ்சுவது ‘மோ’ என்னும் ஓரெழுத்து வினை. ‘மோப்பக் குழையும் அனிச்சம்’ என்று 90-ஆம் குறளில் இருப்பதும் அதுதான், போலீஸ் மோப்ப நாயில் இருப்பதும் அதுதான், “சோறு ஊசிப்போச்சா, மோந்து பாரு” என்று அடுப்படியில் கேட்பதும் அதுதான். ஈராயிரம் ஆண்டுப் பழமையும் இன்றைய புழக்கமும் ஒருசேர வாய்த்த வேர்கள் அதிகமில்லை.

அதனோடு ‘வாய்’ சேர்த்தால் வாய்மோப்பம். வாயால் மோத்தல் என்று விரியும் மூன்றாம் வேற்றுமைத் தொகை. வாய்மொழி என்று சொல்லிப் பழகிய நாவுக்கு இதில் தடுக்கும் இடம் எதுவுமில்லை. வினையாக ஆளவும் வளைந்து கொடுக்கிறது: பூனை வாய்மோக்கிறது, வாய்மோந்தது, வாயால் மோந்து பார்க்கிறது. ஜெர்மன் மொழியில் பிளேமன் ஒரு வினைச்சொல்லாக இருக்க, ஆங்கிலத்தில் அது பெயராக இறுகி, பெரும்பாலும் ‘துலங்கல்’ என்று பொருள்படும் இன்னொரு சொல்லை ஒட்டவைத்தே நடக்கிறது. அதைப் பார்த்து ‘வாய்மோப்பத் துலங்கல்’ என்று தமிழில் நீட்டத் தேவையில்லை. தும்மலைத் தும்மல் துலங்கல் என்றா சொல்கிறோம்?

வாயால் எப்படி மோப்பது என்று ஒருவர் மறுக்கலாம். தொல்காப்பிய மரபியல், ஓரறிவு உடம்பால் அறிவது என்று தொடங்கி, இரண்டாவதாக நாவையும் மூன்றாவதாக மூக்கையும் வைக்கிறது. நாவும் மூக்கும் அடுத்தடுத்த படிகள். இக்குழல் உறுப்பு அவ்விரு படிகளுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது, நாவைப் போலக் கரைந்ததை ஏற்று மூக்கைப் போல மணத்தை அறிகிறது. ‘வாய்’ ஒரு படியையும் ‘மோப்பம்’ மறு படியையும் காட்டுவதால், முரண் போலத் தோன்றும் அதுவே இச்சொல்லின் பொருத்தமாகிறது.

உறுப்பின் பெயரில் எனக்கு இவ்வளவு தெளிவில்லை. இலத்தீனில் ஏரின் கொழுவைக் குறிக்கும் ‘வோமர்’ என்ற சொல்லை, வடிவ ஒப்புமையால் மூக்கின் நடுச்சுவர் எலும்புக்கு இட்டார்கள். அவ்வெலும்பை ஒட்டிக் கிடப்பதால் உறுப்பும் ‘வோமரோநேசல்’ என்று அப்பெயரைப் பெற்றது. அதைப் பெயர்த்துக் ‘கொழுமூக்கு உறுப்பு’ என்றால், கொழுத்த மூக்குடைய யாரையோ கேலி செய்வது போல இருக்கிறது. ‘அண்ண மோப்புக் குழல்’ என்று இப்போதைக்கு எழுதிவருகிறேன்.

நம் வட்டாரத்தில் அடிக்கடி இதனோடு சேர்த்துக் குழப்பப்படும் செயல் ஒன்று உண்டு. லயத்து வாய்க்கால் ஓரங்களில் தானாக முளைக்கும் குப்பைமேனியை வேரோடு பிடுங்கிப் போட்டால் பூனை ஓடி வந்து முகத்தைத் தேய்த்துப் புரளும். மலாய்க்காரர்கள் அச்செடியைக் ‘கூச்சிங் காலாக்’ என்று பூனையின் பெயராலேயே அழைக்கிறார்கள், நம் சித்த மருத்துவத்திலும் அதற்குப் பூனைவணங்கி என்ற பெயர் உண்டு. புரளும் பூனை வாய்மோப்பதில்லை. மேனாட்டில் இவ்வாறே பூனையை மயக்கும் பூனைப்புதினாவின் மணமும் மூக்கு வழியாகவே வேலை செய்கிறது, அண்ணத்துக் குழல் வழியாக அன்று.

குதிரை மேலுதட்டை மடித்து மூக்கின் மேல் போடும். அதன் அண்ணத்துக் கால்வாய் வாய்க்குள் திறப்பதில்லை என்பதால், அங்கே துகள்கள் மூக்கின் வழியேதான் ஏறுகின்றன. வாய்மோப்பம் என்ற சொல் சற்று நெருக்கடிக்கு உள்ளாகும் இடம் அது. யானையிடம் அந்த நெருக்கடி இல்லை. பேராக் காடுகளின் ஓரச் செம்பனைத் தோட்டங்களுக்குள் இறங்கும் யானைக்கு மேலுதட்டைச் சுருக்கவும் வழியில்லை, உதட்டைத் தூக்கி மேற்பல்லைக் காட்டவும் வழியில்லை. ஆகவே ஜெர்மானியச் சொல்லின் மூலப்பொருள் அதற்கு ஒட்டவே ஒட்டாது. அது பெட்டையின் சிறுநீரில் துதிக்கை நுனியை நனைத்து, அந்த நுனியை அப்படியே மடக்கி வாய்க்குள் கொண்டுபோய், மேலண்ணத்துத் துளைகளின் மீது வைத்து அழுத்துகிறது.